பெங்களூரிலிருந்து கல்வட்டம் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு

நான் கண்டுபிடித்த முதல் கல்திட்டை (பழங்காலத்தவர் செத்தவர்களுக்குப் பலகைக் கற்களால் கட்டிய அறை), பக்கத்தில் போய்ப் பார்த்தால் சுமைதாங்கிக் கல். ஆனேக்கல் தாலூக்காவில் ஒரு வரப்போரம் இரண்டு கல் நட்டு, மேலே ஒரு பலகைக் கல் படுக்கவைத்திருந்தது. நானும் நண்பரும் டேப்பைப் பிரித்து அரைமணி நேரம் அளந்தோம். மாடு ஓட்டிக்கொண்டு வந்த பாட்டி ஒருவர் நின்று பார்த்தார். எங்கள் பேச்சைக் கேட்டுத் தமிழ் என்று தெரிந்துகொண்டு, "என்னாத்துக்கு சாமி அளக்குறீங்க? சந்தைக்குப் போறவங்க தலைச்சொமைய எறக்கி வைக்க எங்க மாமனார் வச்ச கல்லு. எங்க வூட்டுல ஒரு புள்ளத்தாச்சி செத்துப்போனா, அவ பேர்ல வச்சது" என்றார்.

செத்தவருக்கு நட்ட கல் என்பது வரைக்கும் சரியாகத்தான் ஊகித்திருந்தோம். காலம் மட்டும் மூவாயிரம் ஆண்டு பிசகிவிட்டது.

பெருங்கற்சின்னங்களை, அதாவது பழங்காலத்தவர் பெரிய கற்களால் அமைத்த ஈமச்சின்னங்களைத் தேடும் இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் எது கல்வட்டம், எது நெடுங்கல் என்று படிக்கிறார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன்: எது கல்வட்டம் இல்லை என்று முதலில் படியுங்கள். பெங்களூரைச் சுற்றி வயல், வேலி, கோயில், கிணறு எங்கே பார்த்தாலும் கல் நிற்கிறது. நூறு கல்லில் தொண்ணூற்றெட்டு நேற்று நட்டது. அந்தத் தொண்ணூற்றெட்டையும் அடையாளம் தெரிந்தவனுக்குத்தான் மீதி இரண்டு கண்ணில் படும்.

கொஞ்சம் சொற்கள்

தரைக்கு மேலே தெரியும்படி பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்தால் கல்திட்டை. அதே பெட்டி முழுவதுமோ பாதியோ மண்ணுக்குள் இருந்தால் கற்பதுக்கை. ஈமக்குழிக்கு மேல் சிறு கற்களைக் குவித்திருந்தால் கற்குவை. அதைச் சுற்றிப் பெருங்கற்களை வட்டமாகப் பதித்திருந்தால் கல்வட்டம். தனியாக நிற்கும் உயரமான கல் நெடுங்கல். பெரிய மண்தாழிக்குள் எலும்பும் பானையும் வைத்துப் புதைத்தது முதுமக்கள் தாழி. பதுக்கையின் ஒரு பக்கப் பலகையில் வட்டமாகத் துளை வெட்டியிருந்தால் அது இடுதுளை. இவை ஒன்றோடொன்று கலந்தே வரும்: வெளியே கல்வட்டம், நடுவில் கற்குவை, அதன் அடியில் பதுக்கை என்று மூன்றும் ஒரே இடத்தில் இருப்பது சாதாரணம். 1949-இல் வி. டி. கிருஷ்ணசாமி தென்னிந்தியப் பெருங்கற்சின்னங்களை வகைபிரித்து எழுதிய கட்டுரைதான் இன்றைக்கும் அடிப்படை. அதற்கு முன் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பேர் வைத்துக் குழப்பிக்கொண்டிருந்தார்கள்.

'பதுக்கை' தொல்லியல்காரர்கள் புதிதாகச் செய்த சொல் இல்லை. புறநானூற்றின் 264-ஆம் பாட்டிலேயே இருக்கிறது. பரல் நிறைந்த இடத்தில் பதுக்கை அமைத்து, மரல் நாரில் தொடுத்த சிவந்த பூங்கண்ணியும் மயிற்பீலியும் சூட்டி, பெயர் பொறித்துக் கல் நட்டுவிட்டார்கள் என்று வருகிறது. கற்குவியலும் நடுகல்லும் ஒரே ஈமச்சடங்கில் சேர்ந்து வருவதை இந்த ஒரு பாட்டு காட்டிவிடுகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரையில் பெருங்கற்சின்னங்களோடு நடுகற்களையும் சேர்த்தே பேசுகிறேன்.

காலம்? தென்னிந்தியப் பெருங்கற்சின்னங்களைப் பொதுவாகக் கி.மு. 1200 முதல் கி.பி. முதல் சில நூற்றாண்டுகள் வரை வைப்பார்கள். இரும்போடு சேர்ந்த பண்பாடு இது. இரும்பின் தொடக்கமே இப்போது பின்னுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஓசூர் தாண்டி, கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் தமிழக அரசு அறிவித்தது. ஆகவே வயலில் ஒரு கல்லைப் பார்த்துவிட்டு "இது இந்த நூற்றாண்டு" என்று அடித்துச் சொல்லாதீர்கள். அகழாமல், ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி அனுப்பாமல் கல்லின் வயதை யாராலும் சொல்ல முடியாது.

ஊரைவிட்டு வெளியே போகாமல் மூன்று ஞாயிறு

முதல் ஞாயிறு லால்பாக். பூ பார்க்க இல்லை. கெம்பேகௌடர் கோபுரம் நிற்கிறதே, அந்தப் பாறையைப் பார்க்க. ஏறக்குறைய 300 கோடி ஆண்டுப் பழமையான, நைஸ் (gneiss) என்ற வகைப் பாறை அது. தேசியப் புவியியல் சின்னம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். வெங்காயத் தோல் மாதிரி அந்தப் பாறை ஏடு ஏடாக உரிவதைக் கவனியுங்கள். வெயிலும் மழையும் தாமாகவே பலகை பலகையாகப் பாறையைக் கழற்றும். அந்தக் காலத்தவர் இந்த ஏட்டின் மேல் நெருப்பு மூட்டிச் சூடாக்கி, விரிசல் விட்டதும் நெம்பி எடுத்தார்கள். கல்திட்டைக்கு மூடுகல் கிடைத்தது இப்படித்தான். ஆனால் இயற்கையாகவே கழன்று, வேறு பாறைமேல் சாய்ந்து நிற்கும் பலகைகளும் நிறைய. லால்பாக்கில் ஒருமணி நேரம் சும்மா நடந்தாலே, மனிதக் கை படாமல் கல் எப்படியெல்லாம் கிடக்கும் என்று பிடிபடும்.

இரண்டாவது ஞாயிறு பேகூர். அங்குள்ள நாகேஸ்வரர் கோயில் வளாகத்தில்தான் 'பெங்களூரு' என்ற பெயர் வரும் பழைய கல்வெட்டு இருக்கிறது. ஏறக்குறைய கி.பி. 900-ஐச் சேர்ந்த அந்தக் கல், பெங்களூர்ச் சண்டையில் நாகத்தரனின் மகன் இறந்ததைச் சொல்கிறது. வெந்த அவரை தின்ற ராஜா ஒருவர் இந்த ஊருக்குப் பேர்வைத்தார் என்ற கதையை நம்பிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். அதே பேகூரிலிருந்து எடுத்துப்போன, யானைகளோடு போர்க்காட்சி செதுக்கிய பெரிய வீரகல் (நடுகல்லுக்குக் கன்னடப் பெயர்) கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தின் சொத்து. திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

மூன்றாவது ஹெப்பாள். கி.பி. 750 வாக்கில், கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்தில், ராட்டவாடிப் (ராஷ்டிரகூடர்) படையை எதிர்த்து இறந்த கிட்டயாவுக்கு நட்ட கல். பெங்களூரில் கிடைத்த கன்னடக் கல்வெட்டுகளில் மிகப் பழையது. 2018-இல் சாக்கடை வேலை நடந்த இடத்தில், புல்டோசருக்குத் தப்பி ஆர்வலர்கள் கண்ணில் பட்டது. இப்போது மண்டபம் கட்டி வைத்திருக்கிறார்கள்.

இந்த வீரகற்களைப் படிக்கவும் ஒரு முறை இருக்கிறது. கீழிருந்து மேலே பாருங்கள். பல கற்களில் அடித்தட்டில் சண்டை, நடுத்தட்டில் தேவமாதர் இருபுறமும் தாங்கி வீரனை எடுத்துப்போவது, மேல்தட்டில் சிவலிங்கத்தின் முன் அவன் உட்கார்ந்திருப்பது. மாடுகள் செதுக்கியிருந்தால் ஆநிரை மீட்டு இறந்தவன். கன்னடக் கல்வெட்டில் அதற்குத் 'துறுகொள்' என்ற சொல் வரும், நம்மூரில் 'ஆகோள்'. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகல்லிலும் இதே 'ஆகோள்'தான். செதுக்கிய தூணிலிருந்து வளையல் அணிந்த கை ஒன்று மட்டும் நீண்டிருந்தால் அது மாஸ்திகல்லு, உடன்கட்டை ஏறியவளுக்கானது.

ஏமாற்றும் கற்கள்

இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

கல்வேலி: ஓசூர் சாலை, கனகபுரா சாலை, மாகடி சாலை எதில் போனாலும் தோட்டத்தைச் சுற்றி ஆளுயரப் பலகைக் கற்களை வரிசையாக நட்டிருப்பார்கள். கன்னடத்தில் சப்படி கல்லு. வேலி அழிந்து நாலைந்து கல் மட்டும் மிஞ்சியிருந்தால், பார்க்க நெடுங்கல் வரிசை மாதிரியே இருக்கும். விளிம்பைப் பாருங்கள். சீரான இடைவெளியில் உளி அடித்த குழிகள் தபால்தலையின் ஓரம்போலத் தெரிந்தால், ஆப்பு அடித்துப் பிளந்த பிற்காலக் கல். கம்பி கட்டத் துளை இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

சுமைதாங்கி: மேலே சொன்ன என் அவமானம். இரண்டே கால், மேலே ஒரு குறுக்குக்கல், தலைச்சுமை இறக்கிவைக்கத் தோதான உயரம், பாதையோரம். கல்திட்டை என்றால் மூன்று பக்கமாவது சுவர் இருக்கும். இல்லாவிட்டால் சுவர் சாய்ந்து விழுந்த தடமாவது இருக்கும்.

ஏற்றக்கால்: பழைய கிணற்றோரம் ஜோடியாக நிற்கும் உயரமான கற்கள். பக்கத்தில் தூர்ந்த கிணறு இருக்கிறதா என்று தேடுங்கள். புதரில் தேடும்போது கால் ஜாக்கிரதை.

ஊர்க்கல்: ஊர் நுழைவாயிலில் எழுத்தும் கட்டங்களும் வரைந்து நிற்கும் கல், கால்நடை நோய் வராமலிருக்க நட்டது. கன்னடத்தில் கரகல்லு என்பார்கள். குடை, கமண்டலத்தோடு வாமன உருவமோ, லிங்கமோ, சக்கரமோ செதுக்கியிருந்தால் தானமாகக் கொடுத்த நிலத்தின் எல்லைக்கல். அரசமரத்தடியில் நாகர்கல் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. இவையெல்லாம் பெருங்கற்காலத்தவை அல்ல. அதற்காகப் படம் எடுக்காமல் வந்துவிடாதீர்கள். எழுத்து இருந்தால் கட்டாயம் எடுங்கள். டொம்லூர் சொக்கநாதர் கோயிலிலும் மடிவாளா சோமேஸ்வரர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் இருப்பது இங்கே பிறந்து வளர்ந்த தமிழர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது.

களத்துமேடு: ராகி போரடிக்கும் களத்தைச் சுற்றி வட்டமாகக் கல் அடுக்குவது உண்டு. இதுதான் மிகவும் ஆபத்தான போலி. நடுவில் தரை சமமாக, கெட்டியாக, மெழுகியதுபோல இருந்தால் களம். நடுவில் மண்ணும் கல்லும் மேடிட்டு, வட்டக்கற்கள் பாதிக்கு மேல் மண்ணில் புதைந்து, உருண்டைப் பாறைகளாகவே இருந்தால் கல்வட்டமாக இருக்கலாம். அப்படியொன்று கிடைத்தால் பக்கத்தில் இன்னும் இருக்கும். இவை பெரும்பாலும் கூட்டமாகவே இருக்கும், அது ஓர் இடுகாடு என்பதால். ஒற்றையாக ஒரு வட்டம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

வீட்டில் செய்யும் வேலை

1905-இல் லூயிஸ் ரைஸ் வெளியிட்ட 'எபிகிராஃபியா கர்னாடிகா' ஒன்பதாம் தொகுதி முழுக்கப் பெங்களூர் மாவட்டத்துக் கல்வெட்டுகள்தான், இணையத்தில் கிடைக்கிறது. போகப்போகும் தாலூக்காவைப் புரட்டி ஊர்ப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு செயற்கைக்கோள் படம். கல்வட்டம் மரநிழலில் தெரியாது, ஆனால் தரிசுநிலத்தில் 6 மீட்டர் வட்டம் ஓரளவு தெரியும். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களையும் பாருங்கள். கோடைக்காலப் படம்தான் உதவும். ஏரியின் மேட்டுக்கரைக்கு அப்பால், பாறைக்குன்றின் அடிவாரத்தில், விவசாயத்துக்கு ஆகாத நிலத்தில் முதலில் தேடுங்கள். நல்ல நிலத்தை யாரும் செத்தவர்களுக்கு விட்டுவைப்பதில்லை.

கர்நாடக அரசின் 'திஷாங்க்' செயலி போனில் இருக்கட்டும். நிற்கும் இடத்தின் சர்வே எண்ணைச் சொல்லும். அது அரசு நிலமா தனியார் நிலமா என்று தெரியாமல் யாருடைய நிலத்திலும் நுழையாதீர்கள்.

காலம்: ராகி அறுவடை முடிந்து, ஜனவரி முதல் ஏப்ரல் வரை. மழைக்காலத்தில் புல் எல்லாவற்றையும் மூடிவிடும், பாம்பும் அதிகம். முழங்காலுக்குக் கீழ் மூடிய ஷூ இல்லாமல் கல் இடுக்கில் கால் வைக்காதீர்கள், கை வைக்கவே வைக்காதீர்கள். கண்ணாடி விரியனுக்கு இந்தப் பதுக்கைகள் சொந்த வீடு மாதிரி.

ஊருக்குள் போகிற விதம்

கல்லைவிட மனிதர்கள் முக்கியம் என்று எழுதினால் பிரசங்கம் மாதிரி இருக்கும், ஆனால் நடைமுறையில் அதுதான் உண்மை. பெங்களூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் 'நிதி' (புதையல்) தேடுகிற கும்பல்கள் அமாவாசை ராத்திரியில் வந்து பதுக்கைகளைத் தோண்டிப் போடுகின்றன. கன்னடத்தில் நிதிக்கள்ளர். ஆகவே டேப், கேமராவோடு வரும் வெளியூர்க்காரன் ஊர்க்காரர் கண்ணுக்கு முதலில் நிதிக்கள்ளன்தான். ஒருமுறை எங்களை ஒரு டீக்கடையில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்துவிட்டார்கள். குற்றம் எங்களுடையது. யாரையும் கேட்காமல் நேரே வயலுக்குள் இறங்கியிருந்தோம். அதிலும் நண்பர் பையில் சின்னக் கடப்பாரை ஒன்று. டென்ட் முளை அடிக்கவாம்.

அன்றிலிருந்து எங்கள் வழக்கம் இது. காலையில் போனதும் டீக்கடை. டீ குடித்து, வந்த காரணத்தைச் சொல்லி, பள்ளிக்கூட ஆசிரியரையோ பஞ்சாயத்து உறுப்பினரையோ விசாரிப்போம். ஊரிலிருந்தே ஒருவரைக் கூடக் கூட்டிப்போவோம். குடும்பத்தோடு போனால் சந்தேகம் பாதி குறையும்; என் மாமியார் கூட வந்த அன்று இளநீரே கிடைத்தது. மண்வெட்டி, கடப்பாரை, உலோகம் கண்டுபிடிக்கும் கருவி எதுவும் வண்டியில் இருக்கக்கூடாது. ட்ரோன் பேச்சே வேண்டாம். அதற்குத் தனி விதிகள் இருக்கின்றன, புதியவர்களுக்கு அது தேவையும் இல்லை.

'கல்வட்டம் எங்கே?' என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அவர்கள் வைத்திருக்கும் பெயரில் கேட்க வேண்டும். கர்நாடகத்தில் பல இடங்களில் கல்திட்டைகள் பாண்டவர் கட்டியவை, "பாண்டவர குடி எல்லிதெ?" என்றால் கை நீட்டிக் காட்டுவார்கள். வடக்கே கொப்பளப் பக்கம் மோரேர மனை, அதாவது மோரியர் என்ற குள்ள மனிதர்கள் வாழ்ந்த வீடு. தமிழ்நாட்டுப் பக்கம் போனால் பாண்டவர் குழி, பாண்டியன் குழி, கேரளத்தில் முனியறை. 1820-இலேயே மலபாரில் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் இவற்றைப் பற்றி எழுதியபோது 'பாண்டுக்குழி' என்ற ஊர்ப்பெயரைத்தான் தலைப்பில் வைத்தார். வீரகல்லைத் தேடினால் "வீரகல்லு" என்றே கேட்கலாம். "ஈ ஹொல யாரது?" (இந்த வயல் யாருடையது?), "ஃபோட்டோ தெகீலா?" (படம் எடுக்கட்டுமா?) இந்த இரண்டு கேள்வியும் கன்னடத்தில் வாயில் வரட்டும். ஆனேக்கல், ஹொசகோட்டே பக்கம் பாதிப் பேர் தெலுங்கிலோ தமிழிலோ பதில் சொல்வார்கள், இருந்தாலும் கன்னடத்தில் தொடங்குவது மரியாதை.

சில கற்களுக்குப் பூஜை நடக்கும். மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம் இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நில்லுங்கள். 'இது சாமி இல்லை, இடுகாடு' என்று விளக்கம் சொல்லி ஊர்க்காரர் முகத்தை வாடவைத்த ஒருவரை எனக்குத் தெரியும். மறுமுறை அந்த ஊருக்குள் அவரால் நுழைய முடியவில்லை.

அளப்பதும் எழுதுவதும்

பையில் 30 மீட்டர் டேப், சாதாரணக் காம்பஸ், 10 சென்டிமீட்டர் கறுப்பு-வெள்ளைக் கட்டம் போட்ட அளவுகோல் அட்டை, பென்சில், கட்டம் போட்ட நோட்டு. போனில் ஜி.பி.எஸ். இவ்வளவு போதும்.

முதலில் எதையும் தொடாமல் சுற்றி நடந்து படம் எடுங்கள். நாலு திசையிலிருந்தும் ஒவ்வொன்று. பிறகு பின்னணியில் குன்றோ ஏரியோ தெரிய ஒன்று. அந்தப் பின்னணிப் படத்தைத்தான் எல்லோரும் மறப்பார்கள். ஐந்து வருஷம் கழித்து இடத்தைக் கண்டுபிடிக்க உதவுவதும் அதுதான். அட்டையும் வடக்கு அம்புக்குறியும் ஒரு படத்திலாவது இருக்கட்டும்.

அட்சரேகை, தீர்க்கரேகையைத் தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் வரை எழுதுங்கள். ஐந்தாவது இலக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர். போன் அவ்வளவு துல்லியமாகக் காட்டாது என்றாலும் நாலு இலக்கத்தோடு நிறுத்தினால் 10 மீட்டர் வரை தள்ளிப்போய்விடும், பக்கத்து வட்டத்துக்கே போய்விடுவீர்கள்.

வட்டத்தின் வடக்கே இருக்கும் கல் 1. கடிகாரச் சுற்றில் எண் கொடுத்துக்கொண்டே வாருங்கள், கல்மேல் எழுதாமல் நோட்டில் மட்டும். காணாமல்போன கல்லின் குழி தெரிந்தால் அதற்கும் எண். விட்டத்தை இரண்டு தடவை அளக்க வேண்டும், வடக்கு-தெற்கு ஒன்று, கிழக்கு-மேற்கு ஒன்று. இரண்டும் ஒன்றாக இருக்காது, இருந்தால் திரும்ப அளங்கள். நான் அளந்தவற்றில் 4 மீட்டருக்கும் குறைவானவை உண்டு, 12 மீட்டரும் உண்டு. பதிவு இப்படி இருந்தால் போதும்:

"வட்டம் 3. விட்டம் வ-தெ 6.4 மீ., கி-மே 6.1 மீ. கற்கள் 17, குழி 2. பெரிய கல் எண் 5: உயரம் 0.9, அகலம் 1.1 மீ. நடுவில் மேடு 0.4 மீ. மேட்டின் கிழக்கில் பலகைக் கல் விளிம்பு தெரிகிறது, 0.7 மீ. நீளம். தென்மேற்கில் பழைய தோண்டல். நிலம்: தரிசு. சொன்னவர்: நில உரிமையாளர், 'பாண்டவர குடி' என்கிறார்."

'ஆதிமனிதன்', 'அற்புதம்', 'மர்மம்' இவற்றுக்கு நோட்டில் இடமில்லை.

பானை ஓடு கிடந்தால் என்ன செய்வது? உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, வழவழப்பான மேற்பரப்பு இருந்தால் மனசு துள்ளும். சூளையில் பானையைக் கவிழ்த்துச் சுடும்போது உள்பக்கம் காற்றுப் படாமல் கறுக்கும், வெளிப்பக்கம் காற்றில் சிவக்கும். கறுப்பு-சிவப்புப் பானைக்குப் பொதுவாகச் சொல்லும் விளக்கம் இது. அளவுகோல் வைத்துப் படம் எடுத்துவிட்டு, கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். உங்கள் வீட்டு ஷோகேஸில் அது வெறும் ஓடு.

எழுத்துள்ள கல்லுக்கு வேறு வழி. காலை ஏழு மணி வெயிலோ மாலை ஐந்து மணி வெயிலோ பக்கவாட்டில் விழும்போது எடுங்கள். உச்சிவெயிலில் எழுத்தே தெரியாது. மாலையில் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பிடித்தாலும் போதும். சாக்பீஸ் தடவுவது, எண்ணெய் ஊற்றுவது, கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பது மூன்றும் பாவம்.

சூரியனைப் பற்றி ஓர் எச்சரிக்கை

இரண்டு கல்லைப் பார்த்ததும் அவை சூரியனைக் காட்டுவதாக நினைப்பது புதியவர்களின் காய்ச்சல். எனக்கும் வந்தது. பெங்களூரின் அட்சரேகை 13 பாகை. இங்கே சூரியன் உதிக்கும் இடம், ஜூன் 21 வாக்கில் நேர்கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே போய், டிசம்பர் 21 வாக்கில் 24 பாகை தெற்கே வரும். மொத்தம் 48 பாகை அகலம். பதினேழு கல் உள்ள வட்டத்தில் கோடு போட்டால் 136 ஜோடி. அவற்றில் சில அந்த அகலத்துக்குள் விழாமலிருந்தால்தான் அதிசயம். குன்று மறைத்தால் உதயத் திசையும் மாறிவிடும். டோலரைட் என்ற இரும்புச்சத்துள்ள கரும்பாறைக்குப் பக்கத்திலோ ஸ்கூட்டருக்குப் பக்கத்திலோ காம்பஸ் பொய் சொல்லும்.

அதற்காக எல்லாமே கற்பனை என்றும் இல்லை. சிவமொக்கா மாவட்டத்தில் நிலஸ்கல், பைசே என்ற ஊர்களில் உள்ள நெடுங்கல் தொகுதிகளைத் துல்லியமாக அளந்து, அயன நாள்களின் (ஜூன் 21, டிசம்பர் 21 வாக்கில்) உதய அஸ்தமனத் திசைகளோடு சில ஜோடிகள் பொருந்துவதாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். முழுத் தொகுதியையும் அளந்து வரைபடம் போட்ட பிறகு சொன்னது அது.

தோண்டாதீர்கள்

உரிமம் இல்லாமல் தொல்லியல் இடத்தில் அகழ்வது குற்றம். மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் கட்டுமானம் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. தொல்பொருள்களை வாங்கி விற்பதைக் கட்டுப்படுத்த 1972-ஆம் ஆண்டுச் சட்டம். மண்ணுக்குள் புதையல் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்பதும் சட்டம். சட்டத்தை விடுங்கள், ஒரு பதுக்கையை ஒருமுறைதான் திறக்க முடியும். எந்தப் பானை எந்த எலும்புக்குப் பக்கத்தில், எந்த ஆழத்தில் இருந்தது என்பதுதான் செய்தி. சித்ரதுர்க மாவட்டம் பிரம்மகிரியில் 1947-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் செய்தது அதுதான். மண்ணடுக்கை வரிசையாகப் பிரித்து, பெருங்கல்லாரின் காலம் எதற்குப் பின், எதற்கு முன் என்று காட்டினார். அங்கே பதுக்கையின் நாலு பலகைகளும் ஒன்றையொன்று தாண்டி நீண்டு ஸ்வஸ்திக வடிவில் நிற்கும், கிழக்குப் பலகையில் இடுதுளை. பலகை ஒன்று விழுந்தாலும் மற்றது தாங்கும்படியான கட்டமைப்பு அது. கடப்பாரைக்காரனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது.

எங்கே போகலாம்

பக்கத்தில் என்றால் மாகடி சாலையில் சாவனதுர்கா அடிவாரம். 1881-இலேயே பிரான்ஃபில் என்பவர் அங்கிருந்த ஈமக்காட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். காட்டுப்பகுதி, சிறுத்தையும் கரடியும் உண்டு, வனத்துறையிடம் கேட்டுவிட்டே பாதையை விட்டு இறங்குங்கள். ஹொசகோட்டே தாலூக்கா ஜடிகேனஹள்ளியில் 1957-இல் எம். சேஷாத்ரி அகழ்ந்தார். போய்ப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஆனால் அந்த நிலத்தின் அமைப்பைப் பார்த்துவைத்தால் வேறு இடங்களில் தேடக் கண் பழகும். கல்திட்டையை முழுசாகப் பார்க்க ஆசைப்பட்டால் ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரம் போங்கள். குன்றின்மேல் கூட்டமாக நிற்கும், சிலவற்றின் உள்ளே வெண்ணிற ஓவியங்கள் இருக்கும். அவற்றைத் தொடாதீர்கள், தண்ணீர் தெளித்துப் படம் எடுக்கவும் கூடாது.

இரண்டு நாள் லீவு கிடைத்தால் கங்காவதிப் பக்கம் ஹிரேபெணகல். ஏறக்குறைய 400 சின்னங்கள், குன்று ஏறிப் போகவேண்டும், யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2021-இல் சேர்ந்தது. தட்டினால் முரசுபோல ஒலிக்கும் பெரும்பாறை ஒன்றும் அங்கே இருக்கிறது. தட்டிப் பார்க்காதீர்கள் என்று சொன்னால் கேட்கமாட்டீர்கள்; கல்லால் மட்டும் தட்டாதீர்கள். இன்னும் வடக்கே யாதகிரி மாவட்டம் விபூதிஹள்ளியில் நூற்றுக்கணக்கான பாறைகளைச் சதுரங்கக் கட்டம்போல வரிசையாக வைத்திருக்கிறார்கள். எதற்கு என்று இன்றுவரை சண்டைதான்.

எழுதியதை என்ன செய்வது

கர்நாடகத் தொல்லியல் துறைக்கும் தாசில்தாருக்கும் படம், ஜி.பி.எஸ்., சர்வே எண்ணோடு ஒரு பக்கக் கடிதம். பதில் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள், நகல் மட்டும் பத்திரம். எழுத்துள்ள கல்லென்றால் நிருபதுங்கா சாலை மிதிக் சொசைட்டிக்குச் சொல்லுங்கள். 2021 முதல் பெங்களூர்க் கல்வெட்டுகளை முப்பரிமாணமாகப் பதிவு செய்துவருகிறார்கள். தமிழ்க் கல்லாக இருந்து படிக்கத் திணறினால் அல்சூர் தமிழ்ச் சங்கத்துக்குப் போய்வாருங்கள். அங்கே வருகிறவர்களில் யாராவது ஒருவருக்குப் பழைய எழுத்து தெரிந்திருக்கும். இருக்குமிடத்தைத் துல்லியமாகச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள், நிதிக்கள்ளரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பார்த்த இடத்துக்கு ஆண்டுக்கொரு தடவை திரும்பப் போய் அதே கோணத்தில் படம் எடுங்கள். மேலே மாதிரியாகக் காட்டிய வட்டம் 3 என் நோட்டில் உள்ளதுதான். முதல் ஆண்டு கல் 17. அடுத்த ஆண்டு 11, பக்கத்தில் ஜே.சி.பி. சக்கரத் தடம். மூன்றாம் ஆண்டு லேஅவுட் போட்டுவிட்டார்கள். வடக்கே இருந்த எண் 1 மட்டும் அசையாமல் நிற்கிறது, அதன்மேல் சிவப்புப் பெயின்டில் 'சைட் 42' என்று எழுதியிருக்கிறது.